சூட்டுக் கட்டிக்குச் சூடு கொடுக்கலாமா?

குழந்தையின் இமையோரம் சிவந்து பருத்துக் கண்கட்டி கிளம்பிவிட்டால், வீட்டில் முதலில் காதில் விழுவது 'உடம்புச் சூடு' என்பதுதான். மாம்பழத்தை நிறுத்து, தலைக்கு எண்ணெய் வை, நாமக்கட்டியை உரசிப் போடு என்று வரிசையாக யோசனைகள் வரும். என் கட்சி வேறு. கண்கட்டிக்கு வேண்டியது வெதுவெதுப்பான ஒத்தடம். அதையும் பேருக்குக் கொடுத்தால் பலனில்லை. இமையின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் விளங்கும். இமை விளிம்பு நெடுக எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சட்டென்று உலராதபடி காப்பது அவை சுரக்கும் எண்ணெய்ப் பசைதான். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல் அந்தப் பசை கெட்டியாகிச் சுரப்பியின் வாய் அடைபடும்போது, தோலில் எப்போதும் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே பெருகிச் சீழ் வைக்கிறது. அடைப்பை இளக்கிவிட்டால் சீழ் தானே வழி தேடிக்கொள்ளும். பெரும்பாலான கட்டிகள் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்குவது இப்படித்தான்.

சூட்டால் வந்ததற்கு மேலும் சூடா என்று பாட்டிமார் கேட்பார்கள். ஆனால் உள்ளங்கையில் ஆள்காட்டி விரலைப் பரபரவென்று தேய்த்து, அந்தச் சூட்டோடு கட்டியின் மேல் வைக்கச் சொல்பவர்களும் அவர்கள்தானே! தங்க மோதிரத்தைத் தேய்த்து வைப்பதும் அதே கைவைத்தியம்தான். வழி சரி, நேரம்தான் போதாது. விரல் சூடு சில நொடிகளில் ஆறிவிடும். சுரப்பிக்குள் உறைந்த பசை இளகப் பத்து நிமிடமாவது வேண்டும். நாமக்கட்டி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காய்ந்து உதிரும் மண்துகள் கண்ணுக்குள் விழுந்து உறுத்தும், குழந்தை இன்னும் தேய்க்கும். தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது, கண்மை தீட்டுவது எதுவும் வேண்டாம்.

இன்னொரு கேள்வி கூர்மையானது: ஒத்தடத்துக்கு மட்டும் ஆதாரம் இருக்கிறதா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இமையின் உட்பக்கம் வரும் கண்கட்டிக்கு அறுவை இல்லாத சிகிச்சைகளை 2010-இல் அலசியது. 2017-இல் மறுபடியும் பார்த்தது. முறையாக ஒப்பிட்டு நடத்திய சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இது ஒத்தடத்துக்கும் பாதகம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தும் அதே தராசில்தான் நிற்கிறது. சோதனைச் சான்று இரண்டுக்கும் இல்லாதபோது, எது நோயின் காரணத்தோடு பொருந்துகிறது, எதில் கெடுதல் குறைவு என்று பார்ப்பதே நியாயம். கண்ணில் விடும் சொட்டு, அடைபட்ட சுரப்பிக்குள் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஆபத்து வேறு. தொடர்ந்து விட்டால் கண்ணழுத்தம் ஏறலாம், புரை விழலாம்.

சரி, ஒத்தடத்தை எப்படிக் கொடுப்பது? கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பாருங்கள். சுகமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. குழந்தையின் இமைத்தோல் மிக மெல்லியது. ஆவி பிடிக்க வைப்பதும், அவித்த முட்டையைத் துணியில் சுற்றி வைப்பதும் கொப்புளத்தில் முடியலாம். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மறுபடி மறுபடி நனைக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. துறுதுறு பிள்ளை உட்காராதுதான். கதை சொல்லும்போதோ, தூக்கம் சொக்கும்போதோ மடியில் போட்டுக்கொண்டு வைக்கலாம். சீழ் முனை தெரிகிறதே என்று பிதுக்கிவிடாதீர்கள், கிருமி பக்கத்துத் திசுவுக்குப் பரவும். துண்டும் தலையணை உறையும் அந்தக் குழந்தைக்குத் தனியாக இருக்கட்டும்.

ஒத்தடத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. காய்ச்சல், இமை முழுக்கச் சிவந்து வீங்குதல், கண்ணை அசைத்தால் வலி, விழி முன்னே தள்ளுதல், பார்வை மங்குதல், குழந்தை துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தொற்று கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம். பிறந்து சில மாதமே ஆன சிசு என்றால் இந்த அறிகுறிகளுக்குக்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கட்டி அடிக்கடி திரும்பி வந்தால் இமை விளிம்பில் பொடுகு போன்ற அழற்சி இருக்கிறதா என்று கண் மருத்துவர் பார்க்கட்டும். பார்வைக் குறைபாட்டால் குழந்தை கண்ணைக் கசக்குகிறதா என்பதையும் அப்போதே சோதித்துக்கொள்ளலாம். வலி போய், வலியற்ற கெட்டி உருண்டையாக நின்றுவிட்டால் அது வேறு வகை. அதற்கும் சில வாரம் ஒத்தடம் கொடுத்துப் பார்ப்பார்கள். சின்னக் குழந்தைக்குக் கீறி எடுப்பதென்றால் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். அதற்காகப் பார்க்காமலேயே விடவும் முடியாது. பெரிய உருண்டை கருவிழியை அழுத்தி, வளரும் வயதில் பார்வையையே மந்தமாக்கிவிடக்கூடும்.