நச்சுவாயு வந்தால் கீழே ஓடலாமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை கந்தோர் வாசல்களில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கொஞ்சக் காலத்தில் செக்யூரிட்டி பையைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. பிறகு பல இடங்களில் அதுவும் நின்றுபோனது. குண்டுக்காவது அவ்வளவு செய்தோம். நச்சு இரசாயனம் கட்டடத்துக்குள் வந்தால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். மேலாளர் முதல் தேநீர் கொண்டுவருபவர் வரை ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். பெரும்பாலானவை பிழை. சில, ஆளையே கொன்றுவிடக்கூடிய பிழை.

நம்பிக்கை: இதெல்லாம் வெளிநாட்டில் நடப்பது.

நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1990 ஜூனில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானில் இருந்த இராணுவ முகாம் மீது விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 60 படையினர் பாதிக்கப்பட்டனர். காற்று திரும்பியதில், திறந்துவிட்டவர்கள் பக்கமும் கொஞ்சம் வாயு வந்தது. அரசு அல்லாத ஆயுதக் குழுவொன்று போர்க்களத்தில் இரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்திய முதல் சந்தர்ப்பம் இதுவே என்று எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. தமிழில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பேசாமல் விட்டால் நடக்காததாகிவிடுமா? இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தக் குளோரின் இரகசிய ஆய்வுகூடத்தில் செய்ததல்ல, கடதாசி ஆலைகளில் அன்றாடம் பயன்படும் சரக்கு.

கொழும்பிலும் சரக்குக்குக் குறைவில்லை. 2021 மே மாதம் துறைமுகத்துக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம். அமிலம் ஒழுகுவது கப்பல் இங்கே வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. அதே அமிலம் போத்தல் அளவில் நகைப் பட்டறைகளில் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து போட்ட கொழும்பு விடுதியொன்றில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டு இளம்பெண்கள் இறந்துபோனார்கள்.

வேண்டுமென்றே விட்டதா, தவறி வந்ததா என்பதைப் பொலிஸ் பிறகு கண்டுபிடிக்கட்டும். மூச்சுக்குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. முதல் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

நம்பிக்கை: மணி அடித்தால் எல்லோரும் படியிறங்கி வெளியே ஓட வேண்டும்.

தீக்கு அது சரி. நம் கந்தோர்களில் ஒத்திகை என்று ஒன்று நடந்தால் அது தீ ஒத்திகைதான். மணி அடிக்கும், எல்லோரும் வாகனத் தரிப்பிடத்தில் கூடுவார்கள், தலை எண்ணுவார்கள், படம் பிடித்துக்கொண்டு மேலே போவார்கள். நச்சுவாயு என்றால் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வாயு கட்டடத்துக்குள் கிளம்பியதா, வெளியிலிருந்து வருகிறதா? உள்ளே என்றால் வெளியேறுங்கள். வெளியே என்றால் உள்ளேயே இருங்கள்.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். அந்த நேரத்தில் ஆட்களை நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் கூட்டுவது கிணற்றுக்குள் இறக்கிவிடுவது போல. மேல்மாடியில் யன்னல் குறைந்த அறையொன்றைத் தேர்ந்து, கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத் துவாயை அடைத்து, மற்ற இடுக்குகளுக்கு அகலமான டேப் ஒட்டி உட்கார்ந்திருப்பதே புத்தி.

ஏசியை நிறுத்த வேண்டும். சுவரில் மாட்டிய சாதாரண ஏசி அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் சுற்றவிடுகிறது, அதனால் ஆபத்து குறைவு. பெரிய கட்டடங்களின் மத்திய ஏசி வெளிக்காற்றையும் உறிஞ்சி எல்லா மாடிக்கும் பங்கிடும். கழிவறையிலும் சமையலறையிலும் ஓடும் எக்ஸோஸ்ட் விசிறியைப் பலர் காவல் தெய்வம் என்று நினைக்கிறார்கள். அது உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஈடுகட்ட வெளிக்காற்று ஒவ்வொரு இடுக்காலும் உள்ளே வரும். அதையும் நிறுத்துங்கள். ஆபத்து நீங்கியது என்று தீயணைப்புப் படையோ பொலிஸோ சொன்ன பிறகு யன்னல்களை அகலத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். உள்ளே புகுந்த கொஞ்ச வாயு தானாகப் போய்விடாது.

வெளியேறித்தான் ஆகவேண்டும் என்றால் எந்தப் பக்கம் போவது? வெள்ளவத்தைக்காரருக்கு இதற்கான பதில் காலடியிலேயே கிடக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மற்ற மாதங்களிலும் பிற்பகலில் பெரும்பாலும் கடற்காற்றுதான். கடற்பக்கமிருந்து வாயு வரும்போது ஹவ்லொக் வீதிப் பக்கம் ஓடினால் வாயுவுக்குத் துணையாக ஓடுகிறோம். காலி வீதி கடற்கரைக்கு இணையாகப் போகிறது. அதன் வழியே பம்பலப்பிட்டிப் பக்கமோ தெஹிவளைப் பக்கமோ நடந்தால் காற்றைக் குறுக்கே வெட்டி வாயுவின் பாதையை விட்டு விலகிவிடலாம். கொட்டாஞ்சேனையில் துறைமுகம் மேற்கே இருக்கிறது, கணக்கு ஏறத்தாழ அதேதான். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தென்னோலையைப் பாருங்கள், கொடியைப் பாருங்கள். ஒன்றுகூடும் இடமென்று ஒன்றை மட்டும் பலகையில் எழுதி மாட்டியிருக்கும் கந்தோர், எதிர்த் திசையில் இன்னொன்றையும் எழுத வேண்டும்.

நம்பிக்கை: ஏதாவது ஒழுகினால் துடைக்கிறவரைக் கூப்பிடு, யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கு.

1995 மார்ச் 20ஆம் திகதி காலை டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு சரின் நச்சை விட்டது. கசுமிகசெகி நிலையத்தில் ரயில் பெட்டிக்குள் ஒழுகிக்கொண்டிருந்த பொதியை நிலைய ஊழியர்கள் வெளியே எடுத்தார்கள், தரையில் சிந்தியதைப் பத்திரிகைத் தாளால் துடைத்தார்கள். ரயிலைச் சுத்தமாக, நேரத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற கடமை உணர்வு. அவர்களில் இருவர் இறந்துபோனார்கள்.

இங்கே 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டியவில் இறப்பர் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தொட்டியில் ஒருவர் விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் மடிந்தார்கள். மொத்தம் ஐந்து உயிர்கள்.

நம் ஊரில் விழுந்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்பது பாவம் என்று வளர்ந்திருக்கிறோம். நல்ல வளர்ப்புதான். ஆனால் காரணம் தெரியாமல் ஓரிடத்தில் இரண்டாவது ஆளும் விழுந்தால், மூன்றாவது ஆள் உள்ளே போகக்கூடாது. விலகி நின்று 110க்கு அழைத்துத் தீயணைப்புப் படையிடம் “வாயுவாக இருக்கலாம்” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை சொன்னால்தான் அவர்கள் மூச்சுக் கருவியோடு வருவார்கள். ஒழுகும் பொதியையோ தூள் சிந்தும் கடித உறையையோ மோந்து பார்க்காமல், குலுக்காமல், அப்படியே விட்டு, அறையைச் சாத்தி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு 119க்கு அழையுங்கள்.

நம்பிக்கை: மணம் வந்தால்தான் ஆபத்து.

சரினுக்கு மணமில்லை. காபன் மொனொக்சைட்டுக்கும் இல்லை. கழிவுக் குழிகளில் வரும் ஐதரசன் சல்பைட்டு முதலில் அழுகிய முட்டை போல நாறும், பிறகு மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். “நாற்றம் போய்விட்டது” என்று நிம்மதிப்படுகிற நேரம்தான் மோசமான நேரம். ஒரே அறையில் பலருக்குச் சேர்ந்தாற்போலக் கண் எரிந்தால், இருமல் வந்தால், பார்வை மங்கினால் அதுதான் அறிகுறி.

நம்பிக்கை: கொரோனாக் காலத்து முகக்கவசம் இருக்கிறதே.

அது துளியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஈரத் துணி, தண்ணீரில் கரையும் அமோனியா போன்றவற்றை ஓரளவு குறைக்கும், விலகிப்போகக் கொஞ்ச நேரம் வாங்கித் தரும். அதைக் கட்டிக்கொண்டு உள்ளே நின்று வேலை பார்க்க முடியாது.

நம்பிக்கை: தேசிக்காய் தேய், பால் குடி, உடனே ஆசுபத்திரிக்கு ஓடு.

தோலில் பட்ட இரசாயனத்துக்கு மருந்து தண்ணீர்தான், அதுவும் நிறைய. தேசிக்காய், வினாகிரி, பிளீச் எதையும் தேய்க்காதீர்கள். பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலம் சேர்ந்தால் அதிலேயே குளோரின் கிளம்பும் என்பதைச் சுத்தம் செய்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். பால் குடிப்பதால் மூச்சில் போன நஞ்சு முறியாது.

தண்ணீருக்கு முன்னால் உடுப்பு. மேலுடுப்பைக் கழற்றினாலே பட்டதில் பெரும்பகுதி போய்விடும். தலைவழியே இழுக்கக்கூடாது, முகத்தில் படும். கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். இங்கேதான் நம் கந்தோர்கள் யோசிக்காத சிக்கல். காலி வீதியில் நாலு பேர் பார்க்கச் சேலையைக் களைந்து குழாயடியில் நிற்க எந்தப் பெண் சம்மதிப்பார்? சம்மதிக்காமல் நஞ்சோடு முச்சக்கரவண்டியில் ஏறுவார். ஒரு பெட்டியில் கத்தரி, பெரிய பொலித்தீன் பைகள், பத்துப் பதினைந்து பெட்சீற்றுகள், மறைப்புக்கு ஒரு திரைச்சீலை. முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் வேண்டும்.

டோக்கியோவில் அன்று புனித லூக்கா ஆசுபத்திரிக்கு மட்டும் 640 பேர் போனார்கள். பெரும்பாலானோர் கால்நடையாகவும் டாக்சியிலும், அதே உடுப்போடு. அந்த உடுப்பிலிருந்து கிளம்பிய ஆவியால் நூற்றுக்கு மேற்பட்ட ஆசுபத்திரி ஊழியர்களுக்கும் அறிகுறிகள் வந்தன. ஆகவே முதலில் உடுப்பு, பிறகு தண்ணீர், அதன் பிறகு 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸ்.

இதையெல்லாம் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? இப்படியான பயிற்சிப் பட்டறை நடந்தால் நிறுவனங்கள் மனிதவள அதிகாரியையும் ஒரு முகாமையாளரையும் அனுப்புகின்றன. ஒழுகும் பொதியை முதலில் காண்பது அவர்களல்ல. வாசலில் நிற்கும் செக்யூரிட்டியும் மொப்போடு வரும் பெண்ணும்தான் காண்பார்கள். இருவரும் பெரும்பாலும் வேறு கம்பனி அனுப்பிய ஒப்பந்த ஊழியர்கள், ஊழியர் பட்டியலில்கூடப் பெயர் இராது. நாளைக்கு வேலைக்குப் போகும்போது அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஏசியின் பிரதான சுவிட்ச் எங்கே? ஒழுகும் பொதியைக் கண்டால் என்ன செய்வீர்கள்? பதில் தெரியாவிட்டால், முகாமையாளரை அனுப்புவதற்கு முன் அவர்களைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.