உருத்துலக்கிப் பொடியின் தகுதி காணுமாறு

ஒளிப்படக் கலை பயில்வார்க்கு நேரும் ஐயங்களுள் ஒன்று, நெடுநாள் கிடந்த டெவலப்பர்ப் பொடி பயன்படுமா, படாதா என்பதாம். ஒளி பட்ட சுருளில் உருவம் உள்ளுறையாகக் கிடக்கின்றது; அதனைக் கண்ணுக்குப் புலனாக்குவது இப்பொடி கரைந்த நீரே. ஆதலின் இதனை உருத்துலக்கி என யாம் வழங்குவேம். துலக்கி வலியிழந்திருப்பின் உருவம் மங்கும், அல்லது தோன்றாதே ஒழியும். ஹைப்போவில் இட்டபின் அதனை மீட்டல் இயலாது.

இவ்வாராய்ச்சி எமக்கு வேண்டியதாயிற்று. சங்கச் சான்றோர் ஓரியின் மலையெனப் பாடிய கொல்லியில், குண்டூர் நாட்டுச் சிற்றூர்களிற் பாடல் தொகுக்கச் சென்ற மாணவர் யாம், கருப்பு வெள்ளைச் சுருள் இரண்டு எடுத்து வந்தேம். அவற்றுள் ஒன்றில், எமக்கு ஏற்றப் பாட்டும் தாலாட்டும் சொன்ன மூதாட்டி ஒருவரின் உருவம் உண்டு. யாம் மலையிறங்கிய சின்னாட்களில் அவர் காலமாயினார். கொல்லிப் பாவை காற்றானும் மழையானும் சிதையாது என நற்றிணை கூறும். எம் சுருளிலிருந்த பாவைக்கோ அவ்வுறுதி இல்லை.

துலக்கியாக எமக்குக் கிடைத்தவை பழம் பொட்டலங்கள் மூன்று. எம்முடன் பயிலும் குண்டூர் நாட்டு நண்பரின் தாய்மாமனார் முன்னாளில் அடிவாரத்தில் ஸ்டூடியோ நடத்தியவர். அவர் வீட்டில் எஞ்சியவை இவை. மூன்றும் டி-76 என்னும் வகையின. 1920களில் கோடக் நிலையத்தார் அமைத்த இம்முறைப்படி, ஒரு லிட்டர் நீருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், வெண்காரம் 2 கிராம் சேரும். துலக்குவன முன்னிரண்டே. சல்பைட் அவற்றைக் காற்றினின்று காப்பது. வெண்காரம் காரத்தன்மை தருவது. பொடியைக் கெடுப்பன காற்றும் ஈரமுமேயன்றி ஆண்டுக் கணக்கு அன்று. வாய் நன்கு மூடிய பொட்டலம் பல்லாண்டு கழிந்தும் பயன்படுதல் உண்டு. மலைப்பனி புகுந்த பொட்டலம் ஒரு மழைக்காலத்திலேயே கெடுதலும் உண்டு.

முதற்கண் பொடியின் நிறம் காண்க. வெண்மையோ, தந்தம் போன்ற மங்கல் வெண்மையோ ஆயின் நன்று. பழுப்பேறியதாயின் துலக்குபொருள் காற்றோடு கலந்து மாறியதாம், அதனை நம்பற்க. விரலால் அழுத்த உதிரும் கட்டி குற்றமன்று. கல்லென இறுகியதாயின் ஈரம் புகுந்தமை தெளிவு. தரையில் தகரப் பெட்டியுள் கிடந்த பொட்டலம் பழுத்து இறுகியிருந்தது, அதனை விலக்கினேம். அடுப்புக்கு மேற்பரணில் இருந்த ஏனையிரண்டும் வெண்மையாகவே இருந்தன.

எனினும் கண் ஒன்றே சான்றாகாது. சல்பைட் கெட்டுச் சல்பேட் ஆயினும் நிறம் வெண்மையே அன்றோ? ஆதலின் கரைத்துப் பார்த்தல் வேண்டும். பொட்டலத்தைப் பகுத்துக் கரைத்தல் ஆகாது. குலுங்கிக் கிடந்த பொடியில் சரக்குகள் ஒருங்கே பரவியிரா. முழுதும் கரைத்து, 20 பாகை செல்சியஸ் அளவிற்கு ஆற்றி, வெளிச்சத்திலேயே சுருளின் முன்வால் துண்டொன்றை இடுக. கருமை தோன்றத் தொடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் குறித்து, புதுத் துலக்கியில் அதே சுருளின் துண்டு கருக்கும் நேரத்தோடு ஒப்பிடுக. முற்றும் ஒளிபட்ட வால், வலி குன்றிய துலக்கியிலும் இறுதியிற் கருக்கும். ஆதலின் கருத்ததா என்பதினும் எத்துணை விரைவிற் கருத்தது என்பதே வினா. சுருளுக்குரிய நேரம் முடிந்தபின் ஹைப்போவில் இட்டுக் கழுவி, செய்தித்தாள் மேல் வைத்து நோக்கின் எழுத்துப் புலப்படலாகாது. இருளிற் கத்தரித்த ஒளிபடாத் துண்டு ஒன்றையும் உடன் துலக்குக. அது தெளிவாக நிற்றல் வேண்டும். சாம்பல் படர்ந்திருப்பின் குறை துலக்கியதோ சுருளினதோ எனத் தேர்க.

பரணிற் கிடந்தவற்றுள் ஒன்று புதுத் துலக்கிக்கு ஒப்பாகக் கருக்கியது. மற்றொன்றில் ஏறத்தாழ இருமடங்கு நேரமாயிற்று. அந்நீர் மறுநாளே தேநீர் நிறம் உற்றது. உறையை ஒளியில் நோக்க, ஊசிமுனை அளவிலான துளையொன்று புலனாயிற்று. நல்லதெனக் கண்ட துலக்கியிலும் உடனே அம்மூதாட்டியின் சுருளை இட்டேமல்லேம். கல்லூரி மரங்களையும் படிக்கட்டுகளையும் எடுத்த சோதனைச் சுருளொன்றை முதலில் இட்டு, நெகட்டிவில் நிழற்பகுதியின் நுட்பம் தெளிந்த பின்னரே துணிந்தேம். மூதாட்டியின் முகச் சுருக்கங்களும் காதணியும் குறைவின்றி வந்தன.

உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இயங்காமையின், பழஞ்சரக்கைத் தேடுவார் இன்னும் பலர். அவர்க்கு இன்னும் ஒன்று கூறுவேம். கரைத்த டி-76 வாய் நிறைந்த புட்டியில் ஆறு திங்களும், பாதி நிறைந்த புட்டியில் இரண்டு திங்களும் நிற்கும் என்பர். இடையில் அது வலி குன்றுமென்றே எண்ணற்க. வைத்திருக்குங்கால் காரம் ஏறிச் சிறிது வலி மிகுதலும் உண்டு. ஆதலின் புட்டி மேல் கரைத்த நாளை எழுதி ஒட்டுக. ஒவ்வொரு சுருளுக்கு முன்னும் வால் துண்டின் நேரத்தைக் காண்க. மெட்டால் சிலர்க்குத் தோல் அரிப்புத் தருமாதலின் கையுறை அணிக.