அணையில் மூழ்கிய ஊரின் கணக்கு எங்கே?

கேள்வி: எங்கள் பூர்வீக ஊர் பவானிசாகர் அணைக்குள் போய்விட்டது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவின் பெயர் கிடைக்குமா? — வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பெயர் கிடைக்காது, ஊர் கிடைக்கும். வீடு வீடாக எழுதப்பட்ட கணக்கெடுப்புப் படிவங்களை யாரும் பார்வையிட முடியாது என்கிறது 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. வெளியானவை தொகுப்பு அட்டவணைகள் மட்டுமே.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அணை வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. நடுவே 1951 கணக்கெடுப்பு வந்துவிட்டது. அணை இன்று இருக்கும் ஈரோடு மாவட்டம் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து பிறந்தது 1979இல்தான். எனவே, கோயம்புத்தூர் மாவட்டத்துக்கான 1951 கணக்கெடுப்புக் கையேட்டில் தேடுங்கள். பழைய தொகுதிகள் பல, கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1961 கையேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த ஊர்கள் காணாமல் போயின என்பது புலப்படும்.

ஒரு எச்சரிக்கை: கணக்கு வருவாய்க் கிராமவாரியாகத்தான் இருக்கும். உங்களுடையது குக்கிராமம் என்றால், அதன் தாய்க் கிராமத்தின் பெயரைப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் பெயருக்கு வழி வேறு. அவருக்குச் சொந்த நிலம் இருந்திருந்தால், அணைக்காக நிலம் எடுத்த ஆவணங்களிலும் பழைய நில அளவைப் பதிவேடுகளிலும் சர்வே எண்ணோடு உடைமையாளர் பெயரும் இருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். நிலமற்ற கூலிக் குடும்பம் என்றால் இந்தத் தாள்கள் உதவாது. ஊர்க்காரர்களின் நினைவுதான் ஆவணம். அதை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.