தோட்டப் பெயரைத் தட்டிப் பாருங்கள்

கெமாஸ் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாத்தா, பாட்டி காலத்தைத் தேடுகிறீர்களா? சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில், 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். கெமாஸ் என்று மட்டும் தட்டினால் ரயில் சந்திப்பும் 1942 ஜனவரிச் சண்டையும் வந்து குவியும். அதனால் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆண்டையும் குறுக்குங்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். ஓரிரு எழுத்தை மாற்றியும் தேடுங்கள். துரைமார் பெயர்தான் அதிகம் அகப்படும், தொழிலாளி பெயர் அபூர்வம். ஆனாலும் வேலைநிறுத்தம், கூலி, காய்ச்சல் பற்றிய துண்டுச் செய்திகளை விட்டுவிடாதீர்கள். நம்மவர் வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. ஏடு, தேதி, பக்க எண்ணை உடனே குறித்துக்கொள்ளுங்கள். மலேசியத் தேசிய நூலகத்தின் ‘யூ-புஸ்தகா’ இணைய நூலகத்திலும் உறுப்பினராகித் தேடிப் பாருங்கள்.