மாம்பலத்தில் வாடகை வீடு தேடுகிறீர்களா?

வாடகை குறைவாக இருக்கிறதே என்று சென்னைக்கு வெளியே வீடு பார்த்துப் போய்விட்டு, கறிவேப்பிலை வாங்கக்கூட வண்டியை எடுக்கிற குடும்பங்கள் ஏராளம். நாங்களும் அப்படி மூன்று வருடம் இருந்தவர்கள்தான். பிறகு மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்தோம். ரயில், காய்கறி, கோயில், டாக்டர் எல்லாமே இங்கே நடந்து போகிற தூரம். 70 வயது தாண்டிய என் மாமியார் யாரையும் எதிர்பார்க்காமல் தானே கடைக்குப் போய் வருகிறார். இதைவிடப் பெரிய வசதி ஒரு வீட்டுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கீழே உள்ள குறிப்புகளை மாம்பலத்தை வைத்துச் சொல்கிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் என்று எந்தப் பழைய பேட்டையில் வீடு தேடுகிறவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை உதவும்.

1. வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பாருங்கள். தாம்பரம் தாண்டி ஒரு வீடு 12,000 ரூபாய், அதே அளவு வீடு மாம்பலத்தில் 17,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5,000. அங்கே இரண்டு வண்டிக்குப் பெட்ரோல், அவசரத்துக்கு ஆட்டோ, பிள்ளைகளின் வேன் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் அந்த 5,000 எங்கே போனது என்று தெரியாது. இங்கே மாம்பலம் ஸ்டேஷனில் ஏறினால் ஒரு பக்கம் கடற்கரை, இன்னொரு பக்கம் தாம்பரம் வரை மின்சார ரயில் போகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு மாதச் செலவை நோட்டில் எழுதிக் கூட்டிய பிறகு முடிவெடுங்கள்.

2. ஏரியாவை நடந்து பார்க்காமல் வீட்டுக்குள் நுழையாதீர்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மாலை ஏழு மணிக்கு ஒரு முறை, ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெரு வரை நடங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் வேகத்தில் நடங்கள். பத்து நிமிடத்துக்குள் காய்கறி, மளிகை, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் நான்கும் வருகிறதா? தெருவிளக்கு எரிகிறதா? நடைபாதை நடக்கிற மாதிரி இருக்கிறதா? ஸ்டேஷன் ரோடு காய்கறிக் கடைகளும் அயோத்தியா மண்டபம் இருக்கும் ஆரியகவுடா ரோடும் எப்போதும் கலகலப்பாக இருக்கும். அவற்றை ஒட்டிய குறுக்குத் தெருக்களில் இரண்டு, மூன்று வீடு உள்ளே தள்ளிப் போனாலே சத்தம் குறைந்துவிடும். வாடகையும் பெரும்பாலும் குறையும்.

3. தி.நகருக்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். ரயில் பாதைக்குக் கிழக்கே தி.நகர், மேற்கே மேற்கு மாம்பலம். அந்தப் பக்கத்துக் கடைகளெல்லாம் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கைக்கெட்டும் தூரம்தான். 2023-இல் ஸ்டேஷனையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஏறக்குறைய 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைமேம்பாலம் திறந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் நுழையாமலே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம். மேற்குக் கோடியில் இருப்பவர்களுக்கு அசோக் நகர் மெட்ரோ பக்கம். புகழ்பெற்ற பேட்டைக்குப் பக்கத்துப் பேட்டையைத் தேடுவது எந்த ஊரிலும் பலன் தரும்.

4. லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட்டை ஒதுக்காதீர்கள். மூன்று மாடியோடு நிற்கிற பழைய கட்டடங்களில் அறைகள் பெரிதாக இருக்கும், மெயின்டெனன்ஸ் குறைவு. லிஃப்ட் இல்லாத மேல்மாடி வீட்டுக்கு ஆள் வருவது குறைவு என்பதால் பேரம் பேசலாம். படியேற முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் இது வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் மதியம் மூன்று மணிக்குப் போய்க் கூரையின் சூட்டைப் பாருங்கள். மாடியில் தட்டோடு பதித்திருக்கிறார்களா, வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

5. நல்ல வீடுகள் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. கேட்டில் தொங்கும் 'டு-லெட்' அட்டை, மளிகைக் கடைக்காரர், வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர் இவர்கள்தான் வழி. எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது தெருமுனை இஸ்திரிக்காரருக்கு முதலில் தெரியும். இஸ்திரிக்குத் துணி கொடுத்துவிட்டு விசாரியுங்கள். எங்கள் வீடு அப்படித்தான் கிடைத்தது. மாம்பலம் டைம்ஸ், மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற பேட்டைப் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களையும் விடாதீர்கள். புரோக்கர் மூலம் போனால் கமிஷன் எவ்வளவு என்பதை வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

6. ஆடியிலும் மார்கழியிலும் தேடுங்கள். அந்த மாதங்களில் பலர் பால் காய்ச்ச மாட்டார்கள். காலியான வீடு பூட்டியே கிடக்கும், உரிமையாளருக்கும் வாடகை நஷ்டம். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் குடிபோகலாம். பேரத்துக்கு அதுதான் ஏற்ற நேரம். பள்ளி திறப்பதற்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் தேடினால் போட்டி அதிகம்.

7. மழைத் தண்ணீரைப் பற்றி விசாரிக்காமல் தரைத்தளம் எடுக்காதீர்கள். இந்தக் குறிப்பை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். தி.நகர் என்பது 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஒரு சாலைக்கு லேக் வியூ ரோடு என்று பெயர். தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இந்தப் பகுதித் தெருக்கள் பல குளமாயின. பெருமழை வந்தால் துரைசாமி சுரங்கப்பாதை முதலில் நிறைகிறது. ஆனால் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. பக்கத்து வீட்டில், எதிர்க் கடையில் கேளுங்கள்: "2021-இல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" கையை வைத்துக் காட்டுவார்கள். சுவரின் அடிப்பகுதியில் புதுப் பெயின்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். மீட்டர் பெட்டியும் மோட்டார் ஸ்விட்சும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளன்று அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள்.

8. குழாயைத் திறந்து பாருங்கள். மெட்ரோ வாட்டர் வருகிறதா, எத்தனை மணிக்கு, சம்ப் எத்தனை குடும்பத்துக்குப் பொது, மோட்டார் போடுவது யார், மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கினால் பங்கு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வைத்தால் மஞ்சள் படிவது தெரிந்துவிடும்.

9. தனி மின் மீட்டர் இருக்கிறதா? 2016-இல் தொடங்கிய 100 யூனிட் இலவச மின்சாரம் ஒரு இணைப்புக்கு ஒரு முறைதான். இரண்டு, மூன்று போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் எல்லோர் யூனிட்டும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும், கட்டணம் ஏறும். சப் மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று கேட்கும் வீடுகளில், அந்தத் தொகையை வாடகையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

10. அட்வான்ஸைப் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம், சட்டமில்லை. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்கிறது அது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொள்ளாத உரிமையாளர்கள் உண்டு. "சார், ஐந்து மாதம் தருகிறோம்" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவை பிடித்துப்போனால் பலர் இறங்கி வருகிறார்கள்.

11. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 11 மாத ஒப்பந்தமானாலும் இந்தச் சட்டப்படி பதிவு வேண்டும். அரசு இணையதளத்திலேயே செய்யலாம். வாடகை உயர்வு எத்தனை சதவீதம், பெயின்ட் செலவு யாருடையது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்ற மூன்றும் தாளில் இருக்கட்டும். முந்தைய வீட்டில் பெயின்ட் பற்றி வாய்ப்பேச்சோடு விட்டோம். காலி செய்தபோது இரண்டு மாத வாடகையை உரிமையாளர் பிடித்துக்கொண்டார். காட்ட எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. மாத வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டி அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்பதாக இருந்தால், உரிமையாளரின் பான் எண் தேவைப்படும். தயங்காமல் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

12. சாவி வாங்கும் அன்றே எல்லா அறைகளையும் போனில் வீடியோ எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். விரிசல், ஒழுகல், உடைந்த கண்ணாடி எல்லாம் அதில் வரட்டும்.

13. வண்டி நிறுத்த இடம் இல்லை என்பதற்காக ஒரு நல்ல வீட்டைத் தட்டிவிடாதீர்கள். எங்களிடம் இரண்டு வண்டி இருந்தது. இங்கே வந்த ஆறு மாதத்தில் ஒன்றை விற்றுவிட்டோம், தேவைப்படவே இல்லை.

14. வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாள் முழுக்க அந்தத் தெருவில் வாழப்போகிறவர்கள் அவர்கள்தான். ஒரு மாலை அவர்களைக் கூட்டிப்போய், அந்தத் தெருவிலிருந்து கோயில் வரை அவர்களாகவே நடந்து போய்வரச் சொல்லுங்கள்.