தண்ணீர் கட்டும் நாளைச் சொல்லும் கருவி

கிணற்றில் தண்ணீர் குறைந்து வரும் காலத்தில் ஒரு பாய்ச்சல் மிச்சமானாலும் லாபமே. மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்துத் தண்ணீர் கட்டுவது வீண். அடியில், வேர்ப் பகுதியில் ஈரம் இருக்கக்கூடும். இதை அறிய கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் ஒரு சிறு கருவியை வடிவமைத்துள்ளது.

இதில் இரண்டு உலோகக் கம்பிகள் உண்டு. மண்ணில் ஈரம் மிகுந்திருந்தால் அவற்றினிடையே மின்சாரம் எளிதில் செல்லும். மண் காயக் காயத் தடை கூடும். இந்த வேறுபாட்டை நான்கு நிற விளக்குகள் காட்டும்.

நீலம்: ஈரம் மிகுதி, தண்ணீர் வேண்டாம்.
பச்சை: போதிய ஈரம், உடனே பாய்ச்ச வேண்டியதில்லை.
ஆரஞ்சு: ஈரம் குறைவு, பாய்ச்சலாம்.
சிவப்பு: மிகக் குறைவு, உடனே பாய்ச்ச வேண்டும்.

உபயோகிக்கும் முறை: கம்பிகளை, மண் நன்கு ஒட்டும்படி நேராக அழுத்த வேண்டும். இடைவெளி இருந்தால் ஈர மண்ணையும் காய்ந்ததாகக் காட்டும். வயலின் மேட்டிலும் பள்ளத்திலுமாகப் பல இடங்களில் பார்ப்பது நலம்.

எச்சரிக்கை: உவர் நிலத்திலும், உரமிட்ட உடனேயும், மண்ணிலுள்ள உப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே ஈரம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அப்போது விளக்கை மட்டும் நம்பிப் பயிரை வாட விடக் கூடாது. வேரடி மண்ணைத் தோண்டி, கையில் பிடித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.