பாத்திக்கும் கோழிக்கும் நடுவே

கோழி வளர்ப்பவர்கள் தோட்டம் போடக் கூடாது என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். கோபிச்செட்டிபாளையத்தை ஒட்டி, வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சில சென்ட் இடத்தில் இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் காய்க்கும் முட்டைக்கும் கடைக்குப் போகாமல் இருக்கிறேன். முடியும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் வேலி வேண்டும்.

நாட்டுக்கோழி மண்ணைக் கிளறாமல் இருக்காது. நட்டு ஒரு வாரமான கத்தரி நாற்றின் அடியில் ஈரம் இருக்கும், ஈரத்தில் மண்புழு இருக்கும்; கோழி அதைத் தேடினால் நாற்று வேரோடு வந்துவிடும். அதனால் கிளுவை வேலியின் அடிச்சந்தை எல்லாம் தென்னை மட்டையால் அடைத்து, மேலே நைலான் வலை கட்டினேன். சிறுவிடைக் கோழி அதையும் தாண்டிப் பறக்கும். ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் வெட்டிவிட்டால் பறக்க வராது. இதற்கெல்லாம் என் மாமியார், "பெத்த புள்ளையாட்டம் வளத்துன கோழிக்கு வேலி கட்டறயே அம்மிணி" என்று வாரக்கணக்கில் புலம்பினார். நான் அசையவில்லை.

அதே கோழியைப் பந்தலுக்கு அடியில் விடத்தான் வேண்டும். புடலையும் பாகலும் கொடியேறிய பிறகு பழ ஈ பிஞ்சில் முட்டையிடும். அந்தப் புழு பிஞ்சைத் தின்று வளர்ந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். உதிர்ந்த பிஞ்சையும் மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவையும் கோழி விட்டுவைக்காது. கொடியின் தூரைச் சுற்றி நாலு கல்லை வைத்துவிட்டால் வேர் தப்பும். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள், இருட்டியதும் தானாகவே கூட்டுக்குத் திரும்பிவிடும். கோழி நடமாடும் இடத்தில் பூச்சிமருந்து அடிப்பதை மட்டும் மறந்துவிட வேண்டும். தீனியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: கம்பு, சோளம், அரிசிக் குருணை, முருங்கைக்கீரை. குஞ்சுகளுக்குப் பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து மண்ணில் கவிழ்த்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும்.

இப்போது, இத்தனை வருடத்தில் என்னை அதிகமாக அழவைத்ததைச் சொல்கிறேன். ஒரு சித்திரையில் என் மச்சாண்டார் சந்தையிலிருந்து இரண்டு பெருவிடைக் கோழிகளை வாங்கிவந்தார். நான் வெளியே போயிருந்தேன். புதுக்கோழியைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தும், "நல்ல கோழிதானே" என்று மந்தையோடு விட்டுவிட்டார். பார்வைக்கு நல்ல கோழிதான். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் உடம்பில் புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாளில், சில நேரம் பதினைந்து நாள் வரைக்கும் கழித்துத்தான் வெளியே தெரியும். ஒரு வாரத்துக்குள் கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழித்து, கழுத்து முறுக்கிக்கொண்டு விழ ஆரம்பித்தன. முட்டைக்கு வரவிருந்த விடைக்கோழிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மருந்துக்கடையில் ஒருவர் ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலக்கச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார். வைரஸை அந்தப் பொடி ஒன்றும் செய்யாது.

அப்போது ஊர் பேசியது இன்னும் ஆறவில்லை. நான் கோழிக்கு ஊசி போட்டதால்தான் செத்தன என்றார்கள். நடந்தது நேர்மாறு. கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். எட்டு வாரம் ஆன கோழிக்கு இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி ஆர்2பி மருந்து. அந்த முகாமில் ஊசி வாங்கிய தாய்க்கோழிகள்தாம் பிழைத்தன. அப்போது எட்டு வாரம் நிரம்பாத குஞ்சுகளாக இருந்தவைதாம், விடைப்பருவத்துக்கு வந்த நேரத்தில் செத்தன. முகாமில் விடுபட்ட குஞ்சுக்கும், அதற்குப் பிறகு பொரித்த குஞ்சுக்கும் வயதாகும்போது யார் ஊசி போடுவது?

ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் ஐஸில் வைத்திருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாகப் போய் நிற்க முடியாது. அதனால் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தேன். ஏழாம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, எட்டாம் வாரத்தில் ஆர்2பி, எல்லா வீட்டுக் குஞ்சுக்கும் ஒரே நாளில். உங்கள் தெருவிலும் இதைச் செய்யுங்கள். புதுக்கோழியை மூன்று வாரம் தனியாக வையுங்கள், அதற்கு வேறு தண்ணீர்ச்சட்டி, அதைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடாதீர்கள். அது விலை உயர்ந்த சேவலாக இருந்தாலும், கொண்டுவந்தவர் எவ்வளவு பெரிய உறவாக இருந்தாலும் சரி. செத்த கோழியை நாய்க்கு வீசாமல் ஆழமாகக் குழிவெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

எருவைப் பற்றியும் ஒன்று. கூட்டில் அள்ளிய பச்சைக் கோழி எச்சத்தைக் கத்தரித் தூரில் கொட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அதன் காரத்தில் செடி கருகும். தென்னைநார்க் கழிவும் காய்ந்த இலையும் கலந்து நான்கைந்து மாதம் மட்கவிட்டுப் போட்டால் வெண்டை காய்ப்பதை நீங்களே பார்ப்பீர்கள். பச்சையாக மெல்லும் கொத்தமல்லி, புதினாப் பாத்திக்குக் கோழியை எக்காலத்திலும் விடக் கூடாது. எச்சத்தோடு வரும் கிருமி மனிதருக்கும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும்.

தெருவில் இரண்டு வீட்டார் இன்னும் ஊசிக்கு வரமாட்டேன் என்கிறார்கள். அவர்கள் கோழி என் வேலியை நெருங்கினால் விரட்டத்தான் விரட்டுகிறேன். முகத்தைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.